காயும் வரை பிடித்த கைகள்

மூன்றாவது முறையும் கூரை சரிந்ததும் கடைசி வீட்டுப் பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டு வயது. முழங்கை வரை சர்க்கரை. சுக்கும் கருப்பட்டியும் சேர்த்துச் சுட்ட பிஸ்கட் சுவர்கள் நான்கும் அவன் முன்னால் நேராக நின்றன. கூரைப் பலகைகள் இரண்டும் மட்டும் வைத்த இடத்திலிருந்து வழுக்கி வழுக்கி இறங்கின.

"ஆன்ட்டி, இது ஒட்டவே மாட்டேங்குது."

"ஒட்டும்ப்பா. நீ சீக்கிரமா கைய எடுத்துடுற."

அவன் உள்ளங்கைகளைக் கூரையின் இரு பக்கமும் வைத்து, அவற்றின் மேல் என் கைகளை வைத்துக்கொண்டேன். நூறு வரை எண்ணச் சொன்னேன். எந்த பாஷையில் என்று கேட்டான். உனக்கு வருகிற பாஷையில் எண்ணு என்றேன். இருபது வரை தமிழில் போனான். அதன் பிறகு இந்திக்கு மாறினான். ஐம்பது தாண்டியதும் ஆங்கிலம் வந்தது. நூறு சொன்னபோது கைகளை மெல்ல எடுத்தோம். கூரை நின்றது.

அந்த நூறு எண்ணிக்கையை நான் பல நாள் யோசித்துக்கொண்டே இருந்தேன். அதிலிருந்து வந்ததுதான் இந்தக் கட்டுரை.

நான் இருப்பது சீத்தா கேம்ப். மும்பையின் கிழக்கோரத்தில், டிராம்பேயில் இருக்கிறது. ஹார்பர் ரயிலில் வந்து மான்கூர்டில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். அருகே பாபா அணு ஆராய்ச்சி மையம். இன்னொரு பக்கம் கழிமுகத்தின் சேறும் அலையாத்திச் செடிகளும். எங்கள் கல்லியில், அதாவது சந்தில், நின்றால் பாங்கு ஓசையும் கோயில் மணியும் மாதா கோயில் பாட்டும் ஒரே காதில் விழும். எங்கள் குடும்பம் தூத்துக்குடிப் பக்கம். பத்துக்குப் பதினைந்து அடி வீடு, மேலே ஒரு தளம். அந்த மேல் தளத்தில் ஒரு ஓடிஜி அடுப்பு வைத்து கேக்கும் பிஸ்கட்டும் செய்து கொடுக்கிறேன். டிசம்பர் பிறந்தால் கல்லிப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுக்கு கேக் வேண்டாம். "நிக்கிற பிஸ்கட்" வேண்டும். முப்பரிமாணப் பிஸ்கட்டுக்கு எங்கள் கல்லியில் வழங்கும் பெயர் அதுதான்.

தட்டில் படுத்துக் கிடக்கும் பிஸ்கட்டை எழுப்பி நிறுத்துவதற்குப் பல வழிகள் உண்டு. சிறிதும் பெரிதுமாகப் பத்து நட்சத்திரங்கள் சுட்டு, பெரியதைக் கீழே வைத்து ஒன்றன் மேல் ஒன்றாக, முனைகள் மாறி மாறி வரும்படி அடுக்கினால் அது கிறிஸ்துமஸ் மரம். ஒரே உருவத்தை இரண்டாகச் சுட்டு, ஒன்றில் மேலிருந்தும் மற்றதில் கீழிருந்தும் பாதிவரை கீறிச் செருகினால் அது தானே நிற்கும் மான். மாவைத் தகர டப்பாவின் வளைவில் படியவைத்துச் சுட்டால் வளைந்த சுவர் கிடைக்கும். 2023 செப்டம்பரில் மும்பையின் பழைய டீசல் இரட்டை மாடி பஸ்கள் கடைசி ஓட்டம் ஓடி முடித்தன. அந்த டிசம்பரில் பிள்ளைகள் சிவப்பு இரட்டை மாடி பஸ்தான் வேண்டும் என்றார்கள். செய்தோம். சிவப்பு காய்வதற்குள் ஜன்னலுக்கு வெள்ளையைப் பூசியதால் எல்லா ஜன்னலும் ரோஜா நிறமாகிவிட்டது. அடுத்த பஸ்ஸுக்கு ஓர் இரவு முழுக்கக் காத்திருந்தார்கள். ஜன்னல்கள் வெள்ளையாகவே நின்றன.

இத்தனைக்கும் ஒட்டுப் பசை ஒன்றுதான், ராயல் ஐசிங். 1840-இல் விக்டோரியா மகாராணியின் திருமணக் கேக்கின் மேல் இந்த வெள்ளைப் பூச்சு இருந்ததால் 'ராயல்' என்ற பெயர் நிலைத்தது என்பார்கள். பெயர்தான் அரண்மனையைச் சேர்ந்தது. பொருள்கள் எல்லா வீட்டிலும் கிடைப்பவை. ஒரு முட்டையின் வெள்ளைக்கரு சுமார் 30 கிராம் இருக்கும். அதற்கு 150 முதல் 200 கிராம் வரை பொடித்த ஐசிங் சர்க்கரை. சில சொட்டு எலுமிச்சைச் சாறு. அவ்வளவுதான். சிறு பிள்ளைகள் சாப்பிடுவார்கள் என்பதால் நான் பச்சை முட்டையைப் பயன்படுத்துவதில்லை. கிராஃபோர்ட் மார்க்கெட்டின் கேக் சாமான் கடைகளில் கிடைக்கும் உலர்ந்த வெள்ளைக்கருப் பொடியைத் தண்ணீரில் கரைத்துக்கொள்கிறேன்.

வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்; மீதியில் பெரும்பகுதி புரதம். அந்தப் புரதம் நூல்கண்டு போலச் சுருண்டு கிடக்கும். அடிக்க அடிக்கச் சுருள் அவிழ்கிறது. அவிழ்ந்த இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, உள்ளே புகும் காற்றைச் சுற்றி வலைபோல் நிற்கின்றன. எலுமிச்சையின் புளிப்பு அந்த வலை குலையாமல் காக்கிறது. பாத்திரத்தில் விரல்நுனி அளவு எண்ணெய்ப்பசை இருந்தாலும் வலை உருவாகாது. அதனால் தொடங்கும் முன் கிண்ணத்தையும் கரண்டியையும் எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவுவது எங்கள் வழக்கம். சர்க்கரையைச் சலித்துச் சேர்க்க வேண்டும். ஒரு கட்டி இருந்தாலும் ஐசிங் பிழியும் கோனின் முனையை அடைத்துவிடும்.

இதற்குப் பிறகு நடப்பதில் நமக்கு வேலை இல்லை. ஐசிங்கில் இருக்கும் தண்ணீர் மெல்ல மெல்லக் காற்றில் போகிறது. போகப் போக, கரைந்திருந்த சர்க்கரை மிக நுண்ணிய படிகங்களாகத் திரும்புகிறது. அந்தப் படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கல்லாகின்றன. அடுப்பில் வைத்து இதை நாங்கள் விரைவுபடுத்துவதில்லை. டிசம்பர், ஜனவரியில் மும்பைக் காற்றில் ஈரம் குறைவு. ஐசிங் ஓர் இரவில் உலர்ந்துவிடும். ஜூலையில் இதே வேலையை எடுத்தால் இரண்டு நாளானாலும் விரலில் ஒட்டும். சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அரபிக் கடல் அனுமதி கொடுத்தால்தான் எங்கள் வீடுகள் நிற்கும்.

ஒட்டுவதற்கு ஐசிங் கெட்டியாக இருக்க வேண்டும். கரண்டியைத் தூக்கினால் முனை வளையாமல் நிற்கும் பதம். பரப்புவதற்கு இளக்கமாக இருக்க வேண்டும். மேலே கிழித்த கோடு பத்துப் பதினைந்து நொடியில் தானே மறையும் பதம். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நான் கஷ்டப்பட்டதே இல்லை. எதிர் வீட்டில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். பெருநாளுக்கு முந்தைய இரவு கல்லிப் பெண்கள் எல்லாரும் மருதாணிக்கு அவளிடம்தான் கை நீட்டுவார்கள். முதல் நாள் ஐசிங் கோனை எடுத்தவள், பத்து வருடம் பழகியவள் போல இழுத்தாள். பட்டர் பேப்பரைச் சுருட்டுவதும், முனையை நறுக்குவதும், அழுத்தத்தை உள்ளங்கையில் வைத்து வழியை விரல்நுனியில் வைப்பதும் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்தவை. வாசலில் மாக்கோலம் இழுத்துப் பழகிய இன்னொருத்தி, கூரை ஓடுகளை ஒரே மூச்சில் வரிசையாகப் போட்டாள். கைகளுக்கு மதம் தெரியாது. அவற்றுக்குத் தெரிந்தது அழுத்தமும் பதமும்தான்.

பிஸ்கட் வீடு ஐரோப்பாவின் பழக்கம் என்று சொல்வார்கள். அது உண்மைதான். ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரம் மசாலா வணிகத்தில் கொழித்த ஊர். அங்கே தேனும் மசாலாவும் சேர்த்துச் சுடும் லெப்கூகன் செய்வோருக்கு 1643-இல் தனிச் சங்கமே இருந்தது. 1812-இல் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட கதைத் தொகுப்பில், காட்டில் வழி தவறிய இரண்டு குழந்தைகள் ரொட்டிச் சுவரும் கேக் கூரையும் சர்க்கரை ஜன்னலும் கொண்ட வீட்டைக் கண்டார்கள். அந்தக் கதை பரவியதோடு பிஸ்கட் வீடும் பரவியது. ஆனால் அந்த மசாலா எங்கிருந்து போனது? கிராம்பும் பட்டையும் மிளகும் இஞ்சியும் கீழைக் கடல்களைத் தாண்டித்தான் அங்கே போயின. 'ஜிஞ்சர்' என்ற சொல்லின் வேரைத் தேடிப் போன மொழியறிஞர்கள், கிரேக்கம், சமஸ்கிருதம் வழியாக நடந்து வந்து நம்முடைய இஞ்சி வேரில்தான் நிற்கிறார்கள். அதனால் எங்கள் வீட்டு மாவில் சுக்கைத் தட்டிப் போடும்போது, வெளியூர் போன பிள்ளை ஊர் திரும்பியது போல எனக்கு இருக்கும்.

பண்டத்தை எழுப்பி நிறுத்துவதும் நமக்குப் புதிதல்ல. மாட்டுங்காவில் ஒரு தமிழ்க் கல்யாணத்துக்குப் போய்ப் பாருங்கள். மணமேடையில் ஜோடியாகப் பருப்புத் தேங்காய் நிற்கும். கடலையையோ பொட்டுக்கடலையையோ வெல்லப்பாகில் கிளறி, கூம்பு அச்சில் அழுத்திக் கவிழ்த்த கோபுரம் அது. பாகு பதம் தவறினால் கூம்பு பிரிந்துவிடும். தூத்துக்குடி மக்ரூன் இன்னும் நெருங்கிய சொந்தம். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரித் தூள் மூன்றையும் நுரைக்க அடித்து, கூம்பாகப் பிழிந்து, இளஞ்சூட்டில் உலரவைத்து எடுப்பது. ராயல் ஐசிங்கின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம். பாகு நம்மை அவசரப்படுத்தும். ஆறுவதற்குள் முடித்தாக வேண்டும். ஐசிங் நம்மைக் காக்கவைக்கும். இரண்டும் சொல்லிக்கொடுப்பது காலத்தைத்தான்.

எங்கள் பிள்ளைகள் காலையில் சுவர்களை நிறுத்துவார்கள். எவர்சில்வர் டம்ளர்களை உள்ளும் புறமும் முட்டுக் கொடுத்து வைப்பார்கள். மாலையில்தான் கூரை. இடையில் இருக்கும் அந்தப் பகல்தான் அவர்களுக்குக் கடினம். சுவர்மேல் விரல் வைத்துப் பார்ப்பார்கள். டம்ளரை நகர்த்திப் பார்ப்பார்கள். பார்த்தவர்களின் வீடுகள் சாய்ந்துவிடும். பார்க்காமல் மாதா கோயில் மைதானத்துக்கு விளையாடப் போனவர்களின் வீடுகள் நிற்கும்.

ஆங்கில வருடப் பிறப்பு அன்று இந்த வீடுகளை உடைத்துச் சாப்பிடுவோம். வைத்திருந்தால் எறும்பு வரும், நமுத்துப் போகும், தின்பதற்குத்தானே செய்தது. மேசையைச் சுற்றி எல்லாரும் நிற்க, ஒருவன் ஓங்கித் தட்டுவான். பிள்ளைகள் கத்துவார்கள். ஒவ்வொரு வருடமும் அந்த நேரத்தில் என் அம்மா எழுந்து கீழே வாசலுக்குப் போய்விடுவாள். பல வருடம் நான் இதைக் கவனிக்கவே இல்லை. கவனித்த பிறகும், சத்தம் பிடிக்காமல் போகிறாள் என்றுதான் நினைத்தேன். போன வருடம் நானும் பின்னால் இறங்கிப் போய்ப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன்.

"ஏன்ம்மா வந்துட்டீங்க?"

"கூரை ஒடையற சத்தம் எனக்கு ஆவாது மக்ளே."

அம்மா சீத்தா கேம்ப்பில் பிறந்தவள் இல்லை. அவளுக்கு முதல் வீடு ஜனதா காலனி. இன்று அணு ஆராய்ச்சி மையத்தின் குடியிருப்புகள் இருக்கும் பகுதியை ஒட்டி இருந்த ஊர் அது. நகரத்தின் வேறு இடங்களிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் கொண்டுவந்து இறக்கிய இடம். புதரும் சேறுமாக இருந்ததை அவர்களே வெட்டிச் சமன் செய்து ஊராக்கினார்கள். பள்ளி, கடை, கோயில், மசூதி, தேவாலயம் எல்லாம் வந்தன. அதன் பிறகு அந்த நிலம் அணு ஆராய்ச்சி மையத்துக்குத் தேவை என்று முடிவானது. ஊர் மக்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்து நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்க வயலில் பிறந்த தமிழர், வேலை தேடிப் பையனாக பம்பாய் வந்தவர். குப்பை அள்ள யாரும் வராத காலத்தில், காலனிப் பிள்ளைகளைத் திரட்டி ஆளுக்கொரு சின்னக் குப்பைப் பொட்டலம் கொடுத்து, மாநகராட்சி அலுவலகத்தின் முன் கொண்டுபோய்ப் போடச் செய்தவர் அவர். காலனியைக் காப்பாற்ற டெல்லி வரை போனார். ஆனால் 1975-இல் நெருக்கடிநிலை வந்தது. 1976-இல் ஜனதா காலனி இடிக்கப்பட்டது. ஏறத்தாழ எழுபதாயிரம் பேர் வாழ்ந்த ஊர். அவர்களைக் கொண்டுவந்து இறக்கிய இடம்தான் சீத்தா கேம்ப்.

அப்போது அம்மாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். அந்த மே மாத வெயிலில் லாரியில் ஏறும்போது அம்மிக்கல்லை மடியில் வைத்துக்கொண்டாளாம். கூரைத் தகரத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். இங்கே வந்தால் கால் வைத்த இடமெல்லாம் சதசதவென்ற மண். மனையை அளந்து காட்டினார்கள். வீடு என்று எதுவும் இல்லை. ஜூன் மழைக்குச் சில வாரங்களே இருந்தன.

அம்மா சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன். "ஒங்கப்பா மேல ஏறி ஆணி அடிச்சாக. காத்து தகரத்தத் தூக்குது. நான் ஒரு மூலையப் புடிச்சிட்டு நிக்கேன். எனக்கு எட்டல. அந்நேரம் பக்கத்து மனையில சாமான் எறக்கிட்டு இருந்த லாத்தா ஓடியாந்து மறு மூலையப் புடிச்சா. அவ யாருன்னே எனக்குத் தெரியாது. ஒண்ணும் பேசல. கடைசி ஆணி எறங்கற வரைக்கும் விடல. அப்புறம் அவ கூரைக்கு நான் போய்ப் புடிச்சேன். அப்படித்தான் இந்தக் கல்லியே எந்திரிச்சுது."

லாத்தா என்றால் முஸ்லிம் அக்கா. அந்த லாத்தாவின் பேத்திதான் எதிர் வீட்டு மருதாணிப் பெண்.

இதைக் கேட்டபின் நான் மேல் தளத்துக்கு ஏறி வந்து, உடைந்து கிடந்த பிஸ்கட் துண்டுகளைப் பார்த்தேன். ஒரு துண்டில் சுவரும் கூரையும் இன்னும் பிரியாமல் ஒட்டியே இருந்தன. பிஸ்கட் நடுவில் உடைந்திருந்தது. ஒட்டிய இடம் உடையவில்லை. நன்றாகக் காய்ந்த ஐசிங் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். சுவர் முதலில் போகும், மூட்டு போகாது. ஜனதா காலனியில் நடந்ததும் அதுதான் என்று அப்போது தோன்றியது. சுவர்களை இடித்தார்கள். சேர்ந்து பழகிய மனிதர்கள் லாரியில் ஏறி இங்கே வந்து, முன்பின் தெரியாதவளின் தகரத்துக்கும் கை கொடுத்தார்கள். புல்டோசரால் பிரிக்க முடியாத மூட்டு அது.

ஜோக்கின் அற்புதமும் இடிப்போடு நின்றுவிடவில்லை. தேசியக் குடிசைவாழ்வோர் சம்மேளனத்தைக் கட்டி வளர்த்தார். 1980-களில் பைகுல்லாவின் நடைபாதைகளில் வாழ்ந்த பெண்கள் மஹிளா மிலன் என்ற பெயரில் திரண்டபோது, 1984-இல் தொடங்கிய ஸ்பார்க் அமைப்போடு சம்மேளனமும் அவர்களுக்குத் துணை நின்றது. அந்தப் பெண்கள் தங்களுக்கு வேண்டிய வீட்டை முதலில் மரச்சட்டத்திலும் துணியிலும் அட்டையிலும் முழு அளவில் நிறுத்திப் பார்த்தார்கள். உள்ளே போய் உட்கார்ந்தார்கள். அடுப்பு எங்கே, குழந்தை தூங்குவது எங்கே என்று நடந்து பார்த்தார்கள். உள்ளேயே ஒரு மேல் தட்டு வரும்படி பதினான்கு அடி உயரம் வேண்டும் என்று அவர்களே முடிவு செய்தார்கள். அந்த மாதிரி வீடுகளை அதிகாரிகளும் வந்து பார்த்தார்கள். தெருவில் படுத்தவர்கள் தம் வீட்டைத் தாமே வரைந்து காட்டிய நாள் அது. ஜோக்கினுக்கு 2000-இல் மகசேசே விருது கிடைத்தது, 2011-இல் பத்மஸ்ரீ. 2018 அக்டோபரில் காலமானார். பிஸ்கட் வீட்டுக்கு மாதிரி வெட்டக் கேலண்டர் அட்டையை நறுக்கி, "ஆன்ட்டி, கதவு இந்தப் பக்கம் வரணும், அப்பத்தான் காத்து வரும்" என்று எங்கள் பிள்ளைகள் சொல்லும்போது, அந்தப் பெண்கள் செய்ததையே இவர்களும் சிறிய அளவில் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஓர் ஊரே சேர்ந்து பிஸ்கட்டில் கட்டுவதும் உண்டு. நார்வேயில் பெர்கன் என்றொரு துறைமுக நகரம். அங்கே 1991 முதல் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஊரின் குழந்தைகள், பள்ளிகள், குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பிஸ்கட் நகரத்தையே கட்டுகிறார்கள். வீடுகள், தேவாலயங்கள், ரயில்கள், கப்பல்கள். 2009 நவம்பரில் யாரோ அதற்குள் அத்துமீறிப் புகுந்து அதை நாசமாக்கிவிட்டார்கள். மறுநாள் அந்த ஊர் என்ன செய்தது தெரியுமா? மாவைப் பிசைந்தது. வீட்டுக்கு வீடு அடுப்பு மூட்டினார்கள். அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கே நகரம் மறுபடி எழுந்தது. தின்பதற்கென்றே செய்யும் பண்டம், எப்படியும் சில வாரங்களில் முடிந்துபோகப் போவது, அதற்கு ஏன் ஓர் ஊரே துடித்தது? நமுத்துப் போவதற்காக யாரும் அழவில்லை. செய்தவர்களைக் கேட்காமல் உடைத்தது அவர்களைச் சுட்டது.

அம்மா ஏன் வாசலுக்குப் போனாள் என்பது இதை யோசித்த பிறகுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. பிஸ்கட் வீட்டில் உள்ளதை நிறுத்துப் பார்த்தால் மாவு, கருப்பட்டி, சர்க்கரை, முட்டை. ஆனால் அதை வீடாக்கியது அந்த நூறு எண்ணிக்கை. ஒரு சிறுவன் மூன்று மொழியில் எண்ணிய நேரம், விரலால் தொடாமல் பொறுத்திருந்த பகல், உலரட்டும் என்று விட்டுவைத்த இரவு. எந்த வீடும் அப்படித்தான். செங்கல்லும் தகரமும் காசு கொடுத்தால் கிடைக்கும். காற்று தூக்கும் தகரத்தைக் கடைசி ஆணி வரை பிடித்து நின்ற நேரத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. வீடு என்பது மனிதர்கள் ஒருவருக்காக ஒருவர் கொடுத்த நேரம், காய்ந்து கெட்டியாகி நிற்பது. அதனால்தான் அதை முடித்து வைக்கும் உரிமை நேரம் கொடுத்தவர்களுக்கே உண்டு. அவர்கள் மனமொப்பி உடைத்தால் அது பந்தி. துண்டு துண்டாகி எல்லார் கைக்கும் போய்ச் சேரும். அவர்களைக் கேட்காமல் உடைத்தால் அது இடிப்பு. கையிலிருந்த துண்டும் பறிபோகும். ஓசை இரண்டுக்கும் ஒன்றுதான். அந்த ஓசையை ஒருமுறை கேட்ட காதுக்கு வித்தியாசம் தெரிய வேண்டுமானால், அடிப்பதற்கு முன் யாராவது கேட்டிருக்க வேண்டும்.

இந்த வருடம் நாங்கள் ஒரு புது வழக்கம் தொடங்கினோம். யார் கட்டினார்களோ அவர்கள் சொன்னால்தான் உடைப்பது. எதிர் வீட்டுப் பெண் தன் மரத்தைத் தானே பிரித்து, ஒவ்வொரு நட்சத்திரத்தையும் ஒவ்வொரு வீட்டுக்கு அனுப்பினாள். கடைசி வீட்டுப் பையன் தன் வீட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கூரையின் ஒரு பலகையை மெல்ல அசைத்து, உடையாமல் கழற்றி எடுத்து, நேராக அம்மாவிடம் கொண்டுபோனான்.

"ஆச்சி, இந்தாங்க. நான்தான் ஒட்டுனேன், நானே எடுத்துட்டேன்."

அம்மா வாசலுக்குப் போகவில்லை. அந்தப் பலகையை வாங்கி இரண்டாகக் கிள்ளி, ஒன்றை அவனுக்கே ஊட்டினாள்.

மும்பையில் இன்றைக்கும் ஏதோ ஒரு கல்லியில் யாரோ ஒருவர் நாடாவைப் பிடித்துச் சுவரை அளந்துகொண்டிருக்கிறார். ஏதோ ஒரு மேசையில் புதிய வரைபடம் விரிந்திருக்கிறது. ஊர் மாற வேண்டியதுதான். நல்ல வீடும் தண்ணீரும் கழிப்பறையும் எங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டும். அந்த வரைபடத்தை விரிப்பவர்களிடமும், அதைப் பார்த்துத் தலையாட்டும் நம் எல்லாரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். ஒரு கூரையில் கை வைக்கும் முன், அது காயும் வரை பிடித்து நின்ற கைகளைத் தேடிப் போய்க் கேளுங்கள். பதில் வரும் வரை காத்திருங்கள்.